பால்மரம் துளிர்க்கும் தவக்காலம்

மலாக்கா மாநிலத்துக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வெயில், மழை, மறுபடி வெயில், அவ்வளவுதான். ஆனாலும் மஸ்ஜித் தானா, அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இலையுதிர்வும் துளிர்ப்பும் நன்றாகத் தெரியும். ஜனவரியில் மழை ஓய்ந்ததும் பால்மரத்தின் இலைகள் மஞ்சளாகிச் செம்பு நிறமாகி, நிரை நிரையாக உதிரத் தொடங்கும். பிப்ரவரியில் காட்டுக்குள் இறங்கினால் கணுக்கால் வரை சருகு. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நொறுங்கும் சத்தம் நாலு நிரைக்கு அப்பால் வெட்டிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும். ஆண்டெல்லாம் நிழல் கவிந்து கிடக்கும் காட்டில் அப்போதுதான் வானம் தெரியும். அடுத்த சில வாரங்களில் கிளை நுனிகளில் கரும்பழுப்பாகத் துளிர் விடும். அது விரிந்து பச்சையாவதற்குள் பங்குனி வந்துவிடும்.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் வருவதும் இதே நாட்களில்தான். சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் விழும். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் விழும். பனி உருகி மொட்டு விடும் காலத்தை ஒட்டி வடநாடுகளில் வகுத்த கணக்கு இது. அந்தக் கணக்கோடு எந்த உறவும் இல்லாத அமேசான் காட்டு மரம் ஒன்று மலாக்காவுக்கு வந்து, சரியாக அதே வாரங்களில் மொட்டையாகி அதே வாரங்களில் துளிர்த்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பிரசங்கம் பண்ணுகிறவருக்கு இதைவிட வசதியான பொருத்தம் கிடைக்காது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நிலைமை வேறு. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் நிறுவையில் எடை குறையும், சம்பளத்தில் கை வைக்கும். புதுத்துளிரைத் தாக்கும் வெண்பூஞ்சணம் வந்துவிட்டால் இலை மறுபடியும் கொட்டும்; மரம் தேறி எழ மேலும் நாளாகும். வேதக்காரர்கள் ஒருசந்தி இருந்த நாற்பது நாட்களில் பக்கத்து லயத்துச் சைவக் குடும்பத்துக்கும் அரைவயிற்றுச் சாப்பாடுதான். ஈஸ்டர் நம்பிக்கை என்பதைத் தோட்டத்தில் பேசவேண்டுமென்றால், கடைக்காரன் கணக்கு ஏறிக்கொண்டிருந்த இந்த மாதங்களில்தான் பேசியாக வேண்டும். அந்த நேரத்தில் லயத்து வாசலுக்கு வந்து நின்றவர்கள் யார், எந்த அழைப்பைக் கேட்டு வந்தார்கள் என்பதற்கு நீண்ட சரித்திரம் உண்டு.

மலாக்காவின் கிறிஸ்தவ வரலாற்றைப் பேசுகிறவர்கள் எல்லாரும் தொடங்கும் இடம் பிரான்சிஸ் சவேரியார். தமிழ் வாசகர் அவரை இன்னொரு திசையிலிருந்து பார்க்கலாம். 1542இல் கோவாவில் இறங்கிய சவேரியார், அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் ஊழியம் செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் மன்றாட்டுகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு ஓடிப்போய், படிப்பு இருந்தும் அன்பில்லாதவர்களைப் பார்த்துப் பைத்தியக்காரனைப் போலக் கூவவேண்டும் போலிருக்கிறது என்ற கருத்து வருகிறது. அடுத்த ஆண்டே அந்தக் கடிதம் பாரிசில் அச்சாகிப் பலரைக் கப்பலேற்றியது. ஆக, கீழைநாட்டு ஊழியத்துக்கு ஐரோப்பாவை அழைத்த புகழ்பெற்ற குரல்களில் ஒன்று தமிழ்க் கடற்கரை அனுபவத்திலிருந்து எழுந்தது.

1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் மலாக்காவுக்குப் போவதென்று அவர் முடிவெடுத்தார். செப்டம்பரில் வந்து சேர்ந்தார். முத்துக்குளித்துறையில் பழகிய முறையையே இங்கேயும் கையாண்டு மன்றாட்டுகளை மலாயில் பெயர்க்க முயன்றார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத்தில் ஒரு தீவில் இறந்தார். அவருடைய உடல் 1553 மார்ச் 22 அன்று மலாக்காவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 2. தவக்காலத்தின் கடைசி வாரங்களில் வந்த உடலைக் குன்றின் மேலிருந்த ஆலயத்தில் புதைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் தோண்டியெடுத்துக் கோவாவுக்கு அனுப்பினார்கள். செயின்ட் பால் குன்றில் இடிந்து நிற்கும் சுவர்களுக்கு நடுவே, கம்பிக் கிராதி போட்ட அந்தக் குழியை இன்றும் பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சவேரியாருக்கும் தோட்டத் தமிழர்களுக்கும் இடையே முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடுவில் டச்சுக்காரர்கள் வந்தார்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1831-32இல் அலோர் காஜா வட்டாரத்தில் நானிங் போர் நடந்தபோது ஆங்கிலேயர் இறக்கிய படையில் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். மலாக்கா நகரில் செட்டி சமூகத்தார் அதற்கு வெகுகாலம் முன்பே, 1781இல், பொய்யாத விநாயகருக்குக் கோயில் எழுப்பியிருந்தார்கள். உள்நாட்டில் தமிழர் கூட்டமாகக் குடியேறியது ரப்பரால்தான்.

அந்த ரப்பரும் மலாக்காவில்தான் வியாபாரப் பயிராயிற்று. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவை 22 நாற்றுகள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி எதிர்ப்பட்ட தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டிருந்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயரெடுத்தார். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் சீன வணிகர் தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் இறங்கினார். அதுவரை மரவள்ளி விளைந்த மண் அது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ரப்பர் ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாக்காவின் கடலோரம் முதல் நானிங் மேடு வரை நிலம் அளக்கப்பட்டது; கங்காணிகள் தங்கள் சொந்த ஊர்ப்பக்கம் கப்பலேறி ஆள்சேர்க்கப் போனார்கள்.

கங்காணி முறைதான் தோட்டத்துச் சபையின் வடிவத்தையும் தீர்மானித்தது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும்தான் ஆள் சேர்ப்பார். அவர் கத்தோலிக்கராக இருந்தால் அந்தத் தோட்டத்தில் ஒரு லயமே வேதக்காரக் குடும்பங்களாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் தேடினாலும் ஒருவர் அகப்படமாட்டார். திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, மதுரைப் பக்கத்துக் கிராமங்கள் இப்படித் துண்டு துண்டாக மலாயாவில் வந்து ஒட்டிக்கொண்டன. வேளாங்கண்ணி மாதா வந்தாள், அந்தோணியார் வந்தார். சாதியும் கூடவே வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இந்தக் குடும்பங்களைத் தேடி வந்த கத்தோலிக்கப் பாதிரிமார் பிரெஞ்சுக்காரர்கள். மலாக்கா நகரில் அப்போது கத்தோலிக்கமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1710இல் எழுந்த செயின்ட் பீட்டர் ஆலயம் போர்த்துக்கீசிய மரபில் நின்று மக்காவ் ஆயருக்குக் கட்டுப்பட்டது. 1981 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், 1849இல் பிரெஞ்சு மிஷனைச் சேர்ந்த பாதிரியார் ஃபாவ்ர் சவேரியார் பெயரில் இரட்டைக் கோபுர ஆலயத்தைத் தொடங்கினார். ஒரே மதம், ஒரே ஊர், இரண்டு ஆயர்கள். தோட்டத் தமிழர்கள் பிரெஞ்சுக்காரர்களின் பங்கில் விழுந்தார்கள்.

தமிழர்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் என்ற அந்தச் சபைதான் 1776 முதல் புதுச்சேரி மிஷனையும் நடத்திவந்தது. மலாயாவில் தமிழரிடையே வேலை செய்யவேண்டிய இளம் பாதிரியார் தமிழ் கற்பதற்குச் சொந்த வீடு போலவே ஓர் இடம் வங்கக் கடலுக்கு அக்கரையில் தயாராக இருந்தது. தமிழ் பேசிய இந்தப் பிரெஞ்சுக்காரர்களில் பெயர் நிலைத்தவர் ரெனே ஃபே. 1880களில் பேராக்கின் பாகான் செராய்ப் பக்கத்தில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஒரு விவசாயக் குடியேற்றத்தை உருவாக்கியவர் அவர். கூலியாக வந்தவன் நிலத்தில் வேரூன்றினால்தான் குடும்பம் நிலைக்கும், குடும்பம் நிலைத்தால்தான் சபை நிலைக்கும் என்பது அவர் கணக்கு. 1896இல் அவரே மலாக்கா ஆயரானார், 1904இல் இறந்தார். தோட்டத் துரைகள் ஆளைக் கணக்கெடுத்த காலத்தில் குடும்பத்தைக் கணக்கெடுத்த மனிதர் என்ற அளவிலாவது அவரை மலேசியத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

ஆனால் ஒரு பாதிரியார் எத்தனை தோட்டத்துக்குப் போவார்? மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம். மழைக்காலத்தில் செம்மண் சடக்கு சேறாகிவிட்டால் அதுவும் இல்லை. மீதி நாட்களில் சபையை நடத்தியவர் உபதேசியார்.

உபதேசியாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவர் குருப்பட்டம் பெற்றவரல்ல; பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. மற்ற எல்லாமே அவர் தலையில். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் குளித்துக் கூடும்போது செபமாலையைத் தொடங்குவார். முதல் நன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வார். பல இடங்களில் தோட்டப் பள்ளிக்கு வாத்தியாரும் அவரே. 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்னதால், எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டார். சபைக்கும் அதே ஆள் தேவைப்பட்டார். ஊருக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டவும், சைவக் குடும்பங்களும் அவரிடம்தான் போயின.

பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் நடுராத்திரியிலும் அவரை எழுப்புவார்கள். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பெயர், ஒரு வாக்கியம். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன அந்தக் காலத்தில் இதைச் செய்யாத உபதேசியார் இருந்திருக்க முடியாது. காலையில் வெட்டுக்குப் போகவேண்டிய தகப்பனுக்காகத் துரையிடம் விடுமுறை கேட்டவரும், சின்னப் பெட்டிக்குப் பலகை தேடியவரும், குழிமேட்டில் நின்று செபம் சொன்னவரும் அவரே. பாதிரியார் அடுத்த முறை வரும்போது அந்தப் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏறும்.

தவக்காலத்தில் அவருக்கு வேலை இரட்டிப்பு. போன ஆண்டு குருத்தோலையைச் சேர்த்து எரித்துச் சாம்பல், வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, புதுக் குருத்தோலைக்குத் தென்னை ஏற ஆள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கங்களும் உண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்கக் கிராமங்கள் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசித்த வியாகுலப் பிரசங்கத்தை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வஸ் என்ற கொங்கணிப் பாதிரியார். இலங்கையில் உழைத்து 1742இல் மறைந்தவர். பூசை லத்தீனில் நடந்த காலத்தில் ஜனங்கள் அழுததும் உருகியதும் இப்படிப்பட்ட தமிழ் நூல்களோடுதான். தோட்டத்துச் சபையில் தமிழ் பிழைத்ததற்கு உபதேசியாரின் பழைய செபப் புத்தகமும் ஒரு காரணம்.

இந்த நாட்களில் கொண்டாட்டம் வேதக்காரர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. அதே மாசியில்தான் மலாக்கா செங் பகுதியில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகம். மாநிலத்தின் பல தோட்டத்துத் தமிழரும் அங்கே போவார்கள். சில வாரங்கள் கழித்துப் பெரிய வெள்ளிக்கு மலாக்கா செயின்ட் பீட்டர் ஆலயத்தில், இறந்த இயேசுவின் ஆளுயரச் சுரூபத்தைத் தூக்கி வரும் போர்த்துக்கீசிய மரபுப் பவனி நடக்கும். அந்த மெழுகுதிரிக் கூட்டத்தில் போர்த்துக்கீசிய வம்சத்தாரோடு சீனரும் தமிழரும் கலந்து நிற்பார்கள். பால் குறைந்த பருவத்தில் மலாக்காத் தமிழர்கள் மனம் தேற்றிக்கொள்ள நகரத்தில் இரண்டு இடங்கள் இருந்தன என்று சொன்னால் தவறாகாது.

புராட்டஸ்டன்ட் சபைகளின் கதை வேறு பாதையில் வந்தது. 1885இல் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் மிஷனைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். இந்திய நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். ஒரு நற்செய்திக் கூட்டத்தில் கேட்ட பிரசங்கத்தால் வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தார். அவர் காலத்திலேயே தமிழரிடையே வேலை தொடங்கி, மலாயா முழுக்கத் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் பரவின. லுத்தரன்கள் தரங்கம்பாடி மரபைக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1924இல் கட்டிய சீயோன் ஆலயம் அதற்குச் சாட்சி. மலாக்காவில் டச்சுக்காரர் 1753இல் கட்டி முடித்த சிவப்புக் கிறைஸ்ட் சர்ச்சில் பிற்காலத்தில் தமிழ் ஆராதனையும் நடந்தது.

தமிழர்கள் தாங்களே ஊழியர்களாகக் கிளம்பிய காலமும் அதுதான். 1902இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தப் பணத்தில் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு திகைத்தார். திரும்பி வந்ததும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். வெள்ளைக்காரர் அனுப்பினால்தான் ஊழியர் என்ற எண்ணம் உடைந்தது. அதே யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள்தான் மலாயா ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் தோட்டத்து ஆபீசிலும் உட்கார்ந்தார்கள். நகரத்துச் சபைகளைத் தாங்கிய தூண்கள் அவர்கள். ஆனால் கிராணியார் குடும்பமும் வெட்டுக்காரர் குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அபூர்வம். படித்தவர் ஆங்கில ஆராதனைக்கும் பாடுபட்டவர் தமிழ் ஆராதனைக்கும் போன அந்தப் பிரிவினையின் தடயம் மலேசியச் சபைகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை.

1930இல் ரப்பர் விலை சரிந்தது. மூன்றே ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோட்டத்துச் சபைகள் மளமளவென்று சுருங்கின. 1938இல் இந்திய அரசு கங்காணி வழிக் குடியேற்றத்தையே நிறுத்தியது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து புதுக் குடும்பம் வரவில்லை. இருப்பவர்கள் பெற்று வளர்த்த பிள்ளைகள்தான் சபை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. மலாக்கா ஆயர் அட்ரியன் தெவால், சிங்கப்பூரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களோடு நெகிரி செம்பிலானில் பகாவ் காட்டில் குடியேறினார். ஆயரும் மண்வெட்டி பிடித்தார். காலில் பட்ட காயம் விஷமேறி 1945 ஜனவரியில் இறந்தார். ஆங்கிலிக்கன் பேராயர் லெனார்ட் வில்சன் சிறைப்பட்டபோது திருச்சபைப் பொறுப்பைத் தாங்கியவர்களில் ஒருவர் டி. டி. செல்லையா என்ற தமிழர். ஆங்கிலேயப் போதகர்கள் முகாம்களுக்குள் அடைபட்ட அந்த மூன்றரை ஆண்டில், தோட்டத்தில் செபம் நிற்கவில்லை என்றால் அதற்கு உபதேசியார் போன்றவர்களே காரணம். அவர்களுக்கு அது புதுப் பொறுப்பும் அல்ல. பாதிரியார் இல்லாமல் சபை நடத்தி அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

1955இல் மலாக்கா மறைமாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. கோலாலம்பூரின் முதல் ஆயரானவர் இலங்கையில் பிறந்த டொமினிக் வெண்டர்கன்; 1983 வரை பொறுப்பில் இருந்தார். பிரெஞ்சு ஆயர்களையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது பெரிய மாற்றம். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இறையழைத்தலுக்கென்று உலக செப நாளை ஏற்படுத்தினார்; முதல் செப நாள் அந்த ஆண்டு ஏப்ரல் 12. இப்போது அது பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. மலாக்காவில் பால்மரம் முழுக்கத் துளிர்த்து முடித்திருக்கும் நேரம். ஏறக்குறைய அதே காலத்தில் வத்திக்கான் சங்கத்தின் முடிவால் பூசையும் தமிழுக்கு வந்தது.

செப நாள் ஏற்படுத்தியாயிற்று, ஆள் வேண்டுமே. வெளிநாட்டு ஊழியர்கள் பத்தாண்டுக்கு மேல் தங்க முடியாது என்ற விதி மலேசியாவில் வந்தபின், பிரெஞ்சுப் பாதிரிமாரின் காலம் முடிந்துவிட்டது என்பது தெளிவானது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் கூடிப் பேசினார்கள். அந்த மாதம் பங்குகளைப் பொதுநிலையினரே கவனித்துக்கொண்டார்கள். அக்கூட்டத்திலிருந்து பிறந்த திட்டம், வீட்டுக்கு வீடு கூடும் சிறு கிறிஸ்தவச் சமூகங்கள். புதுமை என்று அன்று பேசப்பட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்டுச் சிரித்திருப்பார்கள். லயத்து வாசலில் பாய் விரித்து அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து செய்துவந்தது அதுதான்.

திட்டம் வேரூன்றும்போது தோட்டமே கரைந்துகொண்டிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியவர்கள் மஸ்ஜித் தானா, அலோர் காஜா, மலாக்கா நகரத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தார்கள். துரையின் வாய்மொழி அனுமதியில் எழுந்த கோயில்களுக்கும் செபக்கூடங்களுக்கும் நிலப் பத்திரமான கிராண்ட் இல்லை. நிலம் கைமாறியபோது கேட்பாரில்லாமல் போயின.

மரமும் மாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனை இலையுதிர்ப்பதில்லை. மஸ்ஜித் தானாவிலிருந்து கோலா லிங்கி போகும் சாலையில் இன்று பிப்ரவரியில் போனாலும் அக்டோபரில் போனாலும் செம்பனைக் காடு ஒரே பச்சை. பாட்டிமார் தவக்காலத்தோடு சேர்த்துச் சொல்லும் செம்புநிறக் காட்டைப் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டுமென்றால் சிறுதோட்டக்காரர் யாராவது வைத்திருக்கும் நாலு ஏக்கர் ரப்பரைத் தேடவேண்டும்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதம். குருக்கள், கன்னியர், போதகர், பேராயர் என்று அவர்களிலிருந்து பலர் வந்திருக்கிறார்கள். 1972இல் உருவான மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்துக்கு 2015இல் ஆயராகப் பொறுப்பேற்ற பெர்னார்ட் பாலும் இந்திய வம்சாவளியினர்.

பாரிசில் அந்தப் பிரெஞ்சு மிஷனின் ஆவணக் காப்பகத்தில், கீழைநாடுகளுக்குக் கப்பலேறிய ஒவ்வொரு பாதிரியாருக்கும் தனிக் குறிப்பு இருக்கிறது: எப்போது பிறந்தார், எந்த மொழி கற்றார், எந்த ஊரில் எந்தக் காய்ச்சலில் இறந்தார் என்று. மலாக்காத் தோட்டங்களில் அவர்களுக்குப் பதிலாக ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் சபை நடத்திய தமிழ் உபதேசியார்களுக்கு அப்படி ஒரு காப்பகம் இல்லை. அவர்கள் பெயர்கள் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களில் சாட்சிக் கையெழுத்தாகவும், அவர்களிடம் செபம் படித்த எழுபது எண்பது வயதுக்காரர்களின் ஞாபகத்திலும்தான் இருக்கின்றன. மலாக்காவின் பங்குகளும் தமிழ்ச் சபைகளும் இந்தப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலையை இப்போதே தொடங்கவேண்டும். மஸ்ஜித் தானா, அலோர் காஜாப் பக்கத்து வாசகர்கள் வரும் தவக்காலத்தில் தங்கள் வீட்டு முதியவரிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த லயம், உபதேசியார் யார், அவர் ஊர் எது என்று கேட்டு, ஆண்டோடு எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுக்கட்டும்.